வீட்டு நீச்சல் குளத்தில் கறை: தேய்ப்பதற்கு முன்னால்

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கறை பற்றித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கம் தொடங்கி கோவளம் வரை வீட்டுக் குளங்களைப் பராமரிப்பது 22 வருடங்களாக என் தொழில். போன் செய்து "குளத்தில் கறை" என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "என்ன நிறம், எங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் டைல்ஸ் போகும், டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட் போகும், கறை அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்கள் குளம் 20 அடிக்கு 10 அடி, சராசரி ஆழம் 4 அடி. மே மாதம் சுத்தம் செய்து புதிதாக போர் தண்ணீர் விட்டோம். நிரப்பும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. இரவு குளோரின் போட்டோம். காலையில் பார்த்தால் டீ நிறம். ஒரு வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆனால் வெள்ளை டைல்ஸ் முழுக்கப் பழுப்புக் கறை. குளத்தைக் காலி செய்து ஆசிட் ஊற்றித் தேய்த்தால்தான் போகும் என்கிறார் பராமரிக்க வருபவர். செய்யலாமா?
- வாசகி, கானாத்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. காலி செய்யவும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நிரப்பும்போது தெளிவு, குளோரின் போட்ட மறுநாள் டீ நிறம் என்றால் அது இரும்பு.

நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை இரும்பு தண்ணீரில் கரைந்து நிறமே தெரியாமல் இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லத் துருவாக மாறும். குளோரின் பட்டால் அதே மாற்றம் ஒரே இரவில் முடிந்துவிடும். வாளியில் பிடித்து வைத்த போர் தண்ணீர் மறுநாள் மஞ்சளித்து, அடியில் செம்மண் போலப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் உங்கள் குளத்திலும் நடந்திருக்கிறது. வாளிக்குப் பதில் அது 22,000 லிட்டருக்கு மேல் பிடிக்கிற தொட்டி. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே வெள்ளை வேட்டியில் கறை விழ ஆரம்பிக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் குளத்துத் தண்ணீரில் மட்டும் 22 கிராம் இரும்பு. நாலைந்து ஆணியை அரைத்து வெள்ளை டைல்ஸ் மேல் பூசியது போல.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வைட்டமின் சி மாத்திரை நாலு வாங்கிப் பொடித்து, பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். கை எட்டுகிற முதல் படிக்கட்டில், தண்ணீருக்குள்ளேயே, கறையின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். வெளுத்திருந்தால் இரும்புதான். துருவை மறுபடியும் தண்ணீரில் கரைகிற நிலைக்குக் கொண்டுபோகிற குணம் வைட்டமின் சி-க்கு உண்டு. தேய்க்கவே தேவையில்லை.

குளம் முழுவதற்கும் வைத்தியம் அதேதான், அளவு மட்டும் பெரிது. அஸ்கார்பிக் ஆசிட் என்று கேட்டால் கெமிக்கல் கடைகளில் தூளாகக் கிடைக்கும். பெயரில் ஆசிட் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இது வைட்டமின் சி-யேதான். போடுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து குளோரினை நிறுத்திவிடுங்கள். வெயில் பட்டுப் பட்டு குளோரின் தானாக இறங்கும். டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் தெரியாத அளவுக்கு இறங்கிய பிறகுதான் தூளைப் போட வேண்டும். குளோரின் இருக்கும்போது போட்டால் தூள் முழுவதும் குளோரினோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கறைக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த நாட்களில் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. குளோரின் இல்லாத தண்ணீரில் பாசி பிடிக்க நேரம் ஆகாது என்பதால், செம்பு கலக்காத பாசி மருந்து ஒன்றை முன்கூட்டியே ஊற்றிவிடுங்கள்.

அப்புறம் மோட்டாரை ஓடவிட்டு, 150 கிராம் தூளைக் கறை அதிகமுள்ள ஓரங்களில் தூவிக்கொண்டே சுற்றி வாருங்கள். முதன்முதலில் இதைப் பார்க்கிறவர்களுக்கு நம்பவே முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் டைல்ஸ் வெள்ளையாகிவிடும். அங்கங்கே திட்டு மிச்சமிருந்தால் இன்னொரு 100 கிராம். உங்கள் குளத்துக்கு மொத்தம் 300 கிராமுக்கு மேல் தேவைப்படாது.

இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கறை போய்விட்டது என்ற சந்தோஷத்தில் அன்று இரவே வழக்கம் போல குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்கள். மறுநாள் காலையில் கறை பழைய இடத்திலேயே நிற்கிறது. இரும்பு எங்கேயும் போகவில்லை, தண்ணீருக்குள்தான் கரைந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். எனவே கறை நீங்கிய அன்றே, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற மருந்தை ஊற்ற வேண்டும். கடையில் எச்.இ.டி.பி. என்று கேளுங்கள், கேனில் எழுதியிருக்கும் அளவு போதும். குளோரினைச் சிறிது சிறிதாக ஒரு வாரத்தில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றுங்கள். தண்ணீரின் அமிலம், காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் 7.2-ஐ ஒட்டியே இருக்கட்டும். இறங்கியிருந்தால் சமையல் சோடா போட்டு மெதுவாகத் தூக்கலாம், வாஷிங் சோடா வேண்டாம். அது பிஎச்-சை ஒரேயடியாக ஏற்றும், இரும்பு திரும்பவும் கீழே படியும். எச்.இ.டி.பி. சில வாரங்களில் சிதைந்துவிடும், மாதம் ஒருமுறை கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆசிட்டை நான் ஏன் இவ்வளவு தூரம் மறுக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. என் முதல் வேலை ஒரு கடற்கரை விடுதியில். இதே மாதிரி இரும்புக் கறை. குளத்தைக் காலி செய்து, கேன் கேனாக ஆசிட்டை ஊற்றி, நானும் இன்னொரு பையனும் உள்ளே இறங்கித் தேய்த்தோம். கையுறை கிடையாது, முகத்தில் கட்டியது ஒரு துண்டு. ஆசிட் புகை காற்றை விடக் கனமானது. காலியான குளத்துக்குள் அது கிணற்றில் நிற்பது போல நிற்கும். அரை மணி நேரத்தில் அந்தப் பையன் இருமி இருமி உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் அவன் அந்த வேலைக்கே வரவில்லை. கறை போனது உண்மைதான். கூடவே டைல்ஸுக்கு நடுவில் இருந்த கிரவுட்டும் பாதி கரைந்துபோய், ஆறு மாதத்தில் டைல்ஸ் பெயர ஆரம்பித்தது. புதிதாக நிரப்பியதும் அதே போர் தண்ணீர் என்பதால் கறையும் திரும்பி வந்தது. உங்கள் வீட்டுக் குளத்தில் இறங்கப் போவதும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான். வைட்டமின் தூளில் முடிகிற வேலைக்கு அவனை ஆசிட்டுக்குள் இறக்க வேண்டாம்.

அடுத்த முறை நிரப்பும்போது போர் தண்ணீரை நேராகக் குளத்தில் விடாதீர்கள். மேல்நிலைத் தொட்டியிலோ சம்ப்பிலோ, உயரத்திலிருந்து பூவாளி மாதிரி சிதறி விழும்படி விடுங்கள். காற்றுப் பட்ட இரும்பு ஓர் இரவில் பெருமளவு அடியில் படியும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் குளத்துக்கு அனுப்புங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். பிளாஸ்டிக் வாளியின் அடியில் நிறையத் துளை போட்டு, தலையணைக்கு அடைக்கிற பாலியஸ்டர் பஞ்சை அதில் அமுக்கி வைத்து, தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழே தொங்கவிடுவேன். இலவம் பஞ்சு சரிவராது, அழுகிப் போகும். ஒரு பகல் ஓடிய பிறகு அந்த வெள்ளைப் பஞ்சை எடுத்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் இருக்கும். அவ்வளவும் உங்கள் டைல்ஸில் படிந்திருக்க வேண்டியது.

கேள்வி: எங்கள் தோட்ட வீட்டை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இப்போது கல்யாணத்துக்கு முன்னால் குளக்கரையில் மஞ்சள் பூசி விளையாடுவது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் மஞ்சளோடு தண்ணீரில் குதித்துவிடுகிறார்கள். படிக்கட்டு மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் சிவந்து போகிறது!
- வாசகர், உத்தண்டி

பதில்: ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் படிக்கட்டில் ஆகிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சோப்பும் காரம், புது கிரவுட்டில் இருக்கும் சிமென்ட்டும் காரம். தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். மஞ்சளுக்கு வெயிலும் ஆகாது, குளோரினும் ஆகாது. படிக்கட்டு தெரிகிற அளவுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். அப்புறம் நீர்மட்டத்தை ஏற்றி, இரவில் குளோரினைக் கூடுதலாகப் போட்டு, காலையில் நைலான் பிரஷ்ஷால் லேசாகத் துடையுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தே போய்விடும். குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும் வரை யாரையும் குளிக்க விடாதீர்கள்.

விசேஷ வீட்டாரிடம் இனிமேல் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். குளக்கரையில் ஷவர் இருந்தால், குதிப்பதற்கு முன்னால் அதில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். மஞ்சளோடு நல்லெண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் மஞ்சள் போன பிறகும் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பிசுக்குக் கோடு நிற்கும். அதற்குச் சமையல் சோடாவை ஈர ஸ்பாஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். ஆனால் மஞ்சள் முழுவதும் போன பிறகுதான் சோடா. சோடாவும் காரம்தானே. பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றிவிட்டு, குளம் நுரைக்கிறது என்று எனக்கு போன் செய்கிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

கேள்வி: பாசி வராமல் இருக்க வாரம் ஒரு கைப்பிடி மயில்துத்தம் போடுகிறோம். தென்னைக்கு வாங்கி வைத்தது வீட்டிலேயே இருக்கிறது. குளம் 40,000 லிட்டர். பாசி வரவில்லை, ஆனால் டைல்ஸ் இடுக்கெல்லாம் பச்சை நீலம் ஏறியிருக்கிறது. தினமும் நீந்துகிற என் மாமனாரின் நரைமுடிகூடப் பச்சை படிந்திருக்கிறது. குளோரின் அதிகமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: குளோரின் மேல் பழி போட வேண்டாம். இடுக்கில் இருப்பதும் உங்கள் மாமனார் முடியில் இருப்பதும் ஒன்றுதான், செம்பு. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. உங்கள் கைப்பிடி 100 கிராம் என்று வைத்தால், ஒவ்வொரு வாரமும் 25 கிராம் செம்பு குளத்துக்குள் போகிறது. லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். குளோரின் வெயிலில் அழியும், தண்ணீர் ஆவியாகும், செம்பு எங்கேயும் போகாது. ஒரு மாதத்தில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் சேர்ந்துவிட்டது. பாசியைத் தடுக்க இதில் பத்தில் ஒரு பங்கே போதும். பிஎச் ஏறும்போதெல்லாம் அது தண்ணீரிலிருந்து பிரிந்து கிரவுட்டில் போய் உட்காருகிறது. தென்னைக்குச் சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோ கலவையாக அடிக்க நல்ல மருந்துதான். அங்கே மழை கழுவிக்கொண்டு போய்விடும். மூடிய தொட்டியில் அப்படி இல்லை.

மயில்துத்தத்தை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீரில் பாதியை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாதி. செம்பு நாலில் ஒரு பங்காகிவிடும். இறக்குகிற தண்ணீரை மீன் வளர்க்கும் குட்டைக்கோ கிணற்றுக்கோ விடவே கூடாது. மீனுக்குச் செம்பு விஷம். தண்ணீர் பாதியாக இருக்கும்போது வெளியே தெரியும் கறையை முடித்துவிடலாம். செம்புக்கு வைட்டமின் சி-யை விட சிட்ரிக் ஆசிட் நன்றாக வேலை செய்யும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று தருவதுதான். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு இடுக்கில் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அதற்கு மேல் விட வேண்டாம், கிரவுட்டையும் அது அரிக்கும். புளி போட்டுச் செம்புக் குடம் துலக்கிய கைக்கு இது புதிதில்லை.

மாமனார் குளத்தில் இறங்கும் முன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொள்ளட்டும். ஏற்கனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. படிந்த பச்சைக்கு எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து அலசிப் பார்க்கலாம். நாலைந்து முறையில் மங்கும். இந்த வயதில் தினமும் நீந்துகிறார் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நரை பச்சையானதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: குளத்தின் நிழல் பக்கச் சுவரில் மிளகு அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். பிரஷ் போட்டால் போவது போல இருந்து அதே இடத்தில் திரும்பி வருகிறது. குளோரின் மாத்திரை எப்போதும் மிதக்கவிட்டிருக்கிறோம், மூன்று வருடமாகத் தண்ணீர் மாற்றவில்லை.
- வாசகர், மதுரை

பதில்: இது கறையே இல்லை, உயிருள்ளது. கறுப்புப் பாசி. நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டி வெள்ளைத் தாளில் தேயுங்கள், பச்சையாக இழுபடும். மேலே வழுவழுப்பான ஓர் உறை, கீழே கிரவுட்டுக்குள் பிடிமானம். மேலாகத் தேய்த்தால் தலை மட்டும் போகும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தந்தது. மிதக்கும் மாத்திரை டிசிசிஏ என்கிற குளோரின் வகை. அது குளோரினோடு சேர்த்து சயனூரிக் ஆசிட்டையும் குளத்தில் விடுகிறது. 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் கணக்கில். குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்ற இது 30 முதல் 50 பிபிஎம் வரை வேண்டும். ஆனால் செம்பைப் போலவே இதுவும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வருடத்தில் சில நூறுகளைத் தொட்டிருந்தால் ஆச்சரியமில்லை. அந்த அளவில் டெஸ்ட் கிட்டில் குளோரின் இருப்பதாகக் காட்டும், ஆனால் அதன் கையைக் கட்டிப் போட்டது போலத்தான். பாசி அதனால்தான் தைரியமாக இருக்கிறது.

தண்ணீரில் முக்கால் பங்கை மாற்றுங்கள். சேர்ந்துவிட்ட சயனூரிக் ஆசிட்டுக்கு மருந்து கிடையாது, மாற்றுவதுதான் வழி. பிறகு கையுறை போட்டுக்கொண்டு ஒரு மாத்திரையால் ஒவ்வொரு புள்ளியையும் நேராகத் தேய்த்து உறையை உடையுங்கள். சிமென்ட் பூச்சு என்றால் கம்பி பிரஷ், டைல்ஸ் என்றால் கெட்டி நைலான். குளோரினை உயர்த்தி வைத்து ஒரு வாரம் தினமும் பிரஷ். அதற்கப்புறம் அன்றாடத்துக்கு மாத்திரைக்குப் பதில் திரவ குளோரினுக்கு மாறிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: மாத்திரை போட்ட டப்பாவிலோ வாளியிலோ வேறு குளோரின் பவுடரைக் கொட்டாதீர்கள். டிசிசிஏ-யும் கால்சியம் ஹைப்போ என்கிற குளோரின் பவுடரும் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

கேள்வி: நீர்மட்டத்தில் சுற்றிலும் வெள்ளைப் பட்டை, விரலால் தடவினால் சொரசொரப்பு. தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது. கிருமிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம்.
- வாசகர், சேலம்

பதில்: வீட்டு கெய்சரில் படியும் அதே சுண்ணாம்புதான். ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சந்தேகமே வேண்டாம்.

இது எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் தண்ணீர் ஆவியாகும். 20க்கு 10 அடிக் குளத்தில் அது கிட்டத்தட்ட 90 லிட்டர், மாதத்துக்கு 2,800 லிட்டர் போல. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு குளத்திலேயே தங்கும். குறைந்ததை 600 பிபிஎம் கடினத்தன்மையுள்ள போர் தண்ணீரால் ஈடு செய்தால், மாதாமாதம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்பை உள்ளே கொட்டுகிறீர்கள். போதாததற்குப் பிளீச்சிங் பவுடரிலும் சுண்ணாம்பு இருக்கிறது. அதை நிறுத்தித் திரவ குளோரினுக்கு வாருங்கள். பிஎச் 7.8-ஐத் தாண்ட விடாதீர்கள். மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரைச் சம்ப்பில் பிடித்து வைத்துக் குளத்துக்கு விட முடிந்தால் அதைவிட நல்லது ஒன்றும் இல்லை, மழைத் தண்ணீரில் சுண்ணாம்பே கிடையாது.

இருக்கிற பட்டைக்கு, பீங்கான் டைல்ஸ் என்றால் நுரைக்கல்லை நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம், கண்ணாடி டைல்ஸில் கீறல் விழும். கல்லுக்கு மசியாவிட்டால் மட்டும் ஆசிட்டை எடுங்கள், பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் தொட்ட பிரஷ், வாளி, துணி எதுவும் அந்த ஆசிட் பக்கம் வரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும், உயிரையும் எடுக்கும்.

கேள்வி: அடித்தளத்தில் ஒரே இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு பழுப்பு வட்டம். வைட்டமின் சி வைத்தால் போகிறது, பத்து நாளில் திரும்பி வருகிறது.
- வாசகர், நீலாங்கரை

பதில்: முதலில் ஹேர்பின்னோ ஆணியோ இடுக்கில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே வருகிறது. கடலோர வீடுகளில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. துரு ஊதும், கான்கிரீட் விரியும். நல்ல சிவில் ஆளைக் கூப்பிட்டு, அந்த இடத்தைக் கொத்தித் துருக் கம்பியைச் சுத்தம் செய்து, எபாக்ஸி பூசி அடைக்கச் சொல்லுங்கள். இது என் பிரஷ்ஷால் ஆகிற வேலை இல்லை.

கேள்வி: குளத்துக்கு மேலே பெரிய பாதாம் மரம். சிவந்து விழும் இலை மழையில் ஊறி ஊறி, அடித்தளத்தில் இலை வடிவத்திலேயே கறை விழுந்திருக்கிறது. நவம்பரில் குளிக்க யாரும் இறங்குவதில்லை, அதனால் குளத்தை மொத்தமாகக் காலி செய்து தேய்த்துவிடலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
- வாசகி, ஈஞ்சம்பாக்கம்

பதில்: கறைக்கு வழி சுலபம். அதை அப்புறம் சொல்கிறேன். நவம்பரில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். இந்த இதழில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் பக்கத்தில் தரை முழுக்க மணல். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஐந்தடி தோண்டினாலே ஊற்று. குளத்துக்கு வெளியே மண்ணுக்குள் நிற்கும் அந்தத் தண்ணீர் குளத்தைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அழுத்திப் பிடிக்கிறது. அதை இறைத்துவிட்டால் குளம் ஒரு காலிப் படகு. 2015 நவம்பர், டிசம்பர் மழை நின்ற பிறகு ஒரு வீட்டுக்குப் போனேன். வெள்ளத்தில் சேறு புகுந்துவிட்டதே என்று நான்கு நாளில் குளத்தை இறைத்திருந்தார்கள். ஆழமான பக்கம் அரை அடி மேலே எழும்பி, நடுவில் குறுக்காக விரிசல். குழாய் எல்லாம் முறிந்திருந்தது. அதைச் சரி செய்யவே முடியவில்லை, உடைத்துவிட்டு மண் போட்டு மூடினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் நீச்சல் பழகிய குளம் அது. மூடும்போது பெரியவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

இலைக் கறைக்கு வருகிறேன். பாதாம் இலையில் துவர்ப்புச் சத்து நிறைய. தேயிலைக் கறையோடு பிறந்த கறை. இதற்கு வைட்டமின் சி ஒன்றும் செய்யாது, குளோரின்தான் மருந்து. இலையை எல்லாம் வலையால் வாரி எடுத்துவிட்டு, குளோரினை வழக்கத்தை விட மூன்று மடங்கு உயர்த்தி நாலைந்து நாள் அப்படியே நிறுத்திவையுங்கள். மாலையில் போடுங்கள், பகலில் போட்டால் வெயில் தின்றுவிடும். தினமும் ஒருமுறை நீளக் கம்பு பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுங்கள். இலை வடிவம் முதலில் ஓரத்தில் மங்கும், பிறகு நடுவில் நரம்பு மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் போய்விடும். மழைத் தண்ணீர் சேரச் சேரக் குளோரின் நீர்த்துப்போகும் என்பதால் இந்த மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

மரத்தை வெட்ட வேண்டாம். குளத்துக்கு மேலே நீட்டியிருக்கும் கிளையை மட்டும் கழித்துவிட்டு, இலை உதிர்கிற மாதங்களில் வலை கட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காலி செய்துதான் ஆக வேண்டும் என்றால் கோடை வரட்டும். உங்கள் வீட்டுக் கிணற்றில் கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பாருங்கள். தண்ணீர் குளத்தின் அடித்தளத்தை விட மூன்று அடியாவது கீழே போயிருந்தால் மட்டும் இறைக்கச் சொல்லுங்கள்.